கோவிட்-19 ஊக்கத் தவணை விவாதம்

கோவிட்-19 ஊக்கத் தவணை விவாதம் என்பது, கோவிட்-19 தடுப்பூசியை முழுமையாகச் செலுத்திக்கொண்டவர்களுக்கு மேலும் ஒரு தவணை தேவையா என்பது குறித்து 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் பல நாடுகளில் நடைபெற்ற பொது விவாதம் ஆகும். அறிவியலாளர்கள், மருத்துவர்கள், அரசுகள், மருந்து நிறுவனங்கள், உலக சுகாதார அமைப்பு எனப் பல தரப்பினர் இதில் பங்கேற்றனர். தடுப்பூசி பயன் தரும் என்பதை இவ்விவாதத்தின் முதன்மைத் தரப்பினர் அனைவரும் ஏற்றிருந்தனர். தடுப்பூசி தொற்றையே தடுக்க வேண்டுமா அல்லது கடும் நோயையும் இறப்பையும் தடுத்தால் போதுமா என்பதும், பற்றாக்குறையாக உள்ள மருந்தை முதலில் யாருக்குத் தருவது என்பதுமே அவர்களுக்கு இடையில் இருந்த முக்கிய கேள்விகள்.

சொல்விளக்கம்

முதன்மைத் தவணைகளால் உருவான எதிர்ப்பாற்றல் காலப்போக்கில் குறையும்போது, அதை மீண்டும் உயர்த்துவதற்காகத் தரப்படும் தவணை ஊக்கத் தவணை எனப்படும். பேச்சு வழக்கில் இது பூஸ்டர் ஊசி எனப்படுகிறது. இம்முறை புதியதன்று. ஏற்புவலி எனப்படும் டெட்டனசு நோய்க்கு எதிராக நெடுங்காலமாகவே ஊக்கத் தவணைகள் தரப்பட்டு வருகின்றன.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் போன்ற, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குத் தரப்படும் கூடுதல் தவணையை இதிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். அவர்களில் பலருக்கு முதல் இரு தவணைகளாலேயே போதிய எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2021 ஆகத்து 12 அன்று இவர்களுக்கு மூன்றாம் தவணையை அனுமதித்தது. இதில் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை. மற்ற உடல்நலமுள்ளவர்களைப் பற்றியதே விவாதம்.

அறிவியல் அடிப்படை

தடுப்பூசி செலுத்திய சில வாரங்களில் குருதியில் பிறபொருளெதிரிகளின் அளவு உச்சத்தை அடைந்து, பின்னர் மாதக்கணக்கில் குறைந்து செல்கிறது. இது உடலின் இயல்பான செயற்பாடே ஆகும். பிறபொருளெதிரிகள் குறைந்த பின்னரும் பி, டி வகை நினைவு உயிரணுக்கள் உடலில் தங்கியிருக்கின்றன.

இவ்விரண்டும் செயற்படும் வேகம் வேறுபட்டது. மூக்கிலும் தொண்டையிலும் நுழையும் தீநுண்மியை உடனே தடுக்க, அங்கு ஏற்கனவே போதிய பிறபொருளெதிரிகள் இருக்க வேண்டும். நினைவு உயிரணுக்கள் தூண்டப்பட்டுப் பெருகுவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் தொற்று ஏற்பட்டுவிடலாம். ஆனால் கோவிட்-19 நுரையீரலைக் கடுமையாகத் தாக்குவதற்குப் பொதுவாக மேலும் சில நாட்கள் ஆவதால், நினைவு உயிரணுக்கள் பெரும்பாலும் அதற்குமுன் செயற்படத் தொடங்கிவிடுகின்றன. இதனால் தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு விரைவாகவும், கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு மெதுவாகவும் குறைகிறது. முதியவர்களுக்கு இரண்டாவதும் கூடுதலாகக் குறையக்கூடும்.

இசுரேலின் முடிவு

பைசர் தடுப்பூசியை மிக விரைவாக மக்களுக்குச் செலுத்திய நாடு இசுரேல். எனவே எதிர்ப்பாற்றல் குறைவதும் அங்கு முன்னதாகவே தெரிய வந்தது. டெல்ட்டா திரிபு பரவியபோது, 2021 சூலை 30 அன்று 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு மூன்றாம் தவணை தொடங்கப்பட்டது. ஆகத்து முடிவதற்குள் அது 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. 60 வயதுக்கு மேற்பட்ட சுமார் 11 இலட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்து செப்டம்பரில் வெளியான ஆய்வு, மூன்றாம் தவணை பெற்றோரிடம் தொற்று வீதம் 11.3 மடங்கும் கடும் நோய் வீதம் 19.5 மடங்கும் குறைவாக இருந்ததாகத் தெரிவித்தது. ஊக்கத் தவணையை ஆதரித்தோர் இதை முதன்மைச் சான்றாகக் காட்டினர். ஆய்வுக்காலம் சில வாரங்களே என்பதையும், இளையோரைப் பற்றி இது எதுவும் கூறவில்லை என்பதையும் மறுத்தோர் சுட்டினர்.

எண்களைப் படிப்பதில் ஏற்பட்ட குழப்பம்

கடும் நோயுடன் மருத்துவமனையில் இருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தடுப்பூசி பெற்றவர்கள் என்ற செய்தி இசுரேலில் இருந்து அக்காலத்தில் பரவியது. தடுப்பூசி பயனற்றுப் போய்விட்டது எனச் சிலர் இதற்குப் பொருள் கொண்டனர். இது தவறான முடிவு என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் விளக்கலாம்.

ஓர் ஊரில் 1,00,000 முதியவர்கள் உள்ளனர் எனக் கொள்வோம். அவர்களில் 90,000 பேர் தடுப்பூசி பெற்றவர்கள், 10,000 பேர் பெறாதவர்கள். பெறாதவர்களில் 1,000 பேருக்கு ஒருவர் வீதம் 10 பேருக்கும், பெற்றவர்களில் 5,000 பேருக்கு ஒருவர் வீதம் 18 பேருக்கும் கடும் நோய் ஏற்படுகிறது. மருத்துவமனையில் உள்ள 28 பேரில் 18 பேர், அதாவது 64 விழுக்காட்டினர், தடுப்பூசி பெற்றவர்களே. ஆயினும் தடுப்பூசி இடரை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துள்ளது. பெரும்பான்மையினர் தடுப்பூசி பெற்றுவிட்ட ஊரில், நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஒவ்வொரு பிரிவிலும் நோய் ஏற்படும் வீதமே சரியான அளவுகோல் ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவில் விவாதம்

2021 ஆகத்து 18 அன்று ஜோ பைடனின் அரசு, இரண்டாம் தவணைக்கு எட்டு மாதங்களுக்குப் பின் வயதுவந்தோர் அனைவருக்கும் ஊக்கத் தவணை தரும் திட்டத்தை அறிவித்தது. செப்டம்பர் 20 ஆம் நாளைத் தொடங்கும் வாரத்தில் இது நடைமுறைக்கு வரும் எனக் கூறப்பட்டது. மருந்து ஒழுங்குமுறை அமைப்பு சான்றுகளை ஆராய்ந்து முடிக்கும் முன்பே நாள் குறிக்கப்பட்டது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. உணவு மற்றும் மருந்து நிருவாகத்தின் தடுப்பூசிப் பிரிவு மூத்த அதிகாரிகளான மரியன் குரூபர், பிலிப் கிராசு ஆகியோர் பணியிலிருந்து விலகப்போவது அம்மாத இறுதியில் தெரியவந்தது. இவர்கள் உள்ளிட்ட அறிவியலாளர்கள் செப்டம்பர் 13 அன்று லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, பொது மக்களுக்கு அப்போதைக்கு ஊக்கத் தவணை தேவையில்லை என வாதிட்டது.

செப்டம்பர் 17 அன்று கூடிய நிருவாகத்தின் ஆலோசனைக் குழு, 16 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் பைசர் ஊக்கத் தவணை தருவதை 16-2 என்ற கணக்கில் நிராகரித்தது. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் கடும் நோய்க்கான இடர் மிகுந்தோருக்கும் தருவதை 18-0 என ஒருமனதாக ஆதரித்தது. எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிகளுக்குப் பின், குறிப்பாக இளம் ஆண்களிடம், அரிதாக ஏற்படும் இதயத்தசை அழற்சியும் இக்கூட்டத்தில் கருத்தில் கொள்ளப்பட்டது. முதியவருக்குக் கிடைக்கும் நன்மையுடன் ஒப்பிட இந்த இடர் மிகச் சிறியது. ஏற்கனவே நன்கு பாதுகாக்கப்பட்ட இளைஞருக்கு நன்மையும் சிறியது என்பதால் கணக்கு அத்தனை எளிதாக இல்லை.

தொழில் காரணமாகத் தொற்றுக்கு ஆளாகக்கூடியவர்கள் குறித்தும் கருத்து வேறுபாடு தோன்றியது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆலோசகர்கள் செப்டம்பர் 23 அன்று இவர்களைச் சேர்ப்பதை 9-6 என மறுத்தனர். மையத்தின் இயக்குநர் ரோசெல் வாலென்சுகி மறுநாள் அம்முடிவை ஏற்காமல் அவர்களையும் சேர்த்தார். நவம்பர் 19 அன்று வயதுவந்தோர் அனைவருக்கும் அனுமதி வழங்கப்பட்டது.

உலகளாவிய பங்கீடு

உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநர் டெட்ரோசு அதானோம் கெப்ரெயெசசு, செப்டம்பர் இறுதி வரையாவது ஊக்கத் தவணைகளை நிறுத்திவைக்குமாறு 2021 ஆகத்து 4 அன்று கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 10 விழுக்காட்டு மக்களாவது தடுப்பூசி பெற வேண்டும் என்பது இதன் நோக்கம். அதுவரை செலுத்தப்பட்ட 400 கோடிக்கும் மேற்பட்ட தவணைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல், உலக மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவானோர் வாழும் உயர், உயர்நடுத்தர வருமான நாடுகளுக்கே சென்றிருந்தன. பல ஏழை நாடுகளில் மருத்துவப் பணியாளர்களே முதல் தவணைக்குக் காத்திருந்தனர். செப்டம்பர் 8 அன்று இவ்வேண்டுகோள் ஆண்டு இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இயலும் என அமெரிக்க அரசு பதிலளித்தது.

ஒமிக்ரானின் வருகை

2021 நவம்பர் 26 அன்று பெயரிடப்பட்ட ஒமிக்ரான் திரிபு விவாதத்தின் போக்கை மாற்றியது. இத்திரிபு பிறபொருளெதிரிகளிடமிருந்து பெருமளவு தப்பவல்லது. நவம்பர் 29 அன்று ஐக்கிய இராச்சியத்தின் ஆலோசனைக் குழு வயதுவந்தோர் அனைவருக்கும் ஊக்கத் தவணையைப் பரிந்துரைத்து, இடைவெளியை ஆறு மாதங்களிலிருந்து மூன்றாகக் குறைத்தது. மூன்றாம் தவணை ஒமிக்ரான் தொற்றுக்கு எதிரான பாதுகாப்பை உயர்த்தினாலும், அவ்வுயர்வு சில மாதங்களில் குறைந்தது. கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு கூடுதல் காலம் நீடித்தது. இதனால் இரு தரப்பினரின் கூற்றும் ஓரளவு உறுதிப்பட்டதாகக் கொள்ளலாம்.

இந்தியாவில்

இந்திய அரசு ஊக்கத் தவணை என்ற பெயரைத் தவிர்த்து, முன்னெச்சரிக்கைத் தவணை என அழைத்தது. 2022 சனவரி 10 முதல் மருத்துவப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோய் உள்ள 60 வயதுக்கு மேற்பட்டோர் ஆகியோருக்கு இது தரப்பட்டது. ஏப்ரல் 10 முதல் 18 வயதுக்கு மேற்பட்டோர் தனியார் மையங்களில் பணம் செலுத்திப் பெற முடிந்தது. சூலை 15 முதல் 75 நாட்களுக்கு அரசு மையங்களில் இலவசமாக வழங்கப்பட்டது.

பிற்கால நிலை

2023 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு, முதியோரையும் இணைநோய் உள்ளோரையும் உயர் முன்னுரிமைப் பிரிவிலும், உடல்நலமுள்ள சிறுவர்களைக் குறைந்த முன்னுரிமைப் பிரிவிலும் வைத்தது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஐக்கிய அமெரிக்கா ஆறு மாதக் குழந்தை முதல் அனைவருக்கும் புதுப்பிக்கப்பட்ட தடுப்பூசியைப் பரிந்துரைக்க, ஐக்கிய இராச்சியம் 65 வயதுக்கு மேற்பட்டோரையும் இடர் மிகுந்தோரையுமே முதன்மையாகக் கொண்டது. 2025 ஆகத்தில் ஐக்கிய அமெரிக்காவும் புதிய தடுப்பூசிகளுக்கான ஒப்புதலை ஏறத்தாழ இதே பிரிவினருக்குக் குறுக்கியது. அம்முடிவும் அந்நாட்டில் மருத்துவ அமைப்புகளின் எதிர்ப்பைச் சந்தித்தது. முதியோருக்கும் இடர் மிகுந்தோருக்கும் கூடுதல் தவணை நன்மை தரும் என்பதில் பெரும்பாலான வல்லுநர்கள் உடன்படுகின்றனர். உடல்நலமுள்ள இளையோருக்கு அது எவ்வளவு தேவை என்பதிலேயே நாடுகள் வேறுபட்ட முடிவுகளை எடுத்துள்ளன.