ஜெனீவா தீர்மானமும் நம்ம ஊர்த் தரகும்



2013 மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் வகுப்பை விட்டு வீதிக்கு வந்தார்கள். மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மதுரை உட்பட மாநிலம் முழுக்கப் போராட்டம் பரவியது. கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டது அரசு. நாமெல்லாம் அப்போது சிலேட்டுப் பிடித்த வயசு!

எதற்காக அந்தப் போராட்டம்? இலங்கைப் போரில் நடந்த கொடுமைகள் பற்றி, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் போதாது, சர்வதேச விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள்.

"அமெரிக்காக்காரன் எழுதுற காகிதத்துக்கு நம்ம பசங்க ஏன்டா பட்டினி கிடந்தாங்க?" என்று என் அப்பா ஒருநாள் கேட்டார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை ஒரே ஒருவர் முடிவு செய்வதல்ல. வெள்ளை மாளிகை, வெளியுறவுத் துறை, காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றம் எல்லாம் அதில் கை வைக்கும். 2009இல் காங்கிரஸ் கேட்டதால்தான் வெளியுறவுத் துறை இலங்கைப் போர் பற்றி அறிக்கை தயாரித்து அக்டோபரில் கொடுத்தது. இந்த இடங்களுக்குப் போய்ப் பேசித் தன் பக்கம் சாய்ப்பதற்குப் பெயர்தான் லாபி. அமெரிக்காவில் வாழும் தமிழர்களின் அமைப்புகள் காங்கிரஸ் உறுப்பினர்களைப் பார்த்து முறையிட்டன. இலங்கை அரசோ வாஷிங்டனில் காசு கொடுத்து லாபி நிறுவனங்களை அமர்த்தியது.

நம்ம ஊருக்கு இது புதுசா? மாட்டுத்தாவணி என்ற பெயரே மாட்டுச் சந்தையால் வந்ததுதானே! சந்தையில் தரகர் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் 1938 முதல் ஒரு சட்டம் உண்டு. அயல்நாட்டு அரசுக்காகக் காசு வாங்கிப் பேசுகிறவர், நீதித் துறையில் பதிவு செய்து, யாருக்காக, எவ்வளவுக்கு என்று கணக்குக் காட்ட வேண்டும். துண்டை எடுத்துவிட்டுப் பேசு என்கிறது சட்டம்!

இனி ஜெனீவாவுக்கு வருவோம். கவுன்சிலில் 47 நாடுகள், ஆளுக்கொரு ஓட்டு. 2012 மார்ச் 22 அன்று முதல் அமெரிக்கத் தீர்மானத்துக்கு ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. தமிழ்நாட்டுக் கட்சிகள் கொடுத்த நெருக்கடிக்கு நடுவே இந்தியாவும் ஆதரித்தது. ஆனால் ஓட்டுக்கு முன்பே இந்தியா கேட்டு ஒரு சொல் உள்ளே நுழைந்துவிட்டது. ஐ.நா. அலுவலகம் தரும் ஆலோசனையும் உதவியும் இலங்கை அரசின் 'இசைவுடன்' இருக்க வேண்டுமாம். குற்றம் சாட்டப்பட்டவனிடமே சம்மதம் கேட்பதா?

2013 மார்ச் 19இல் தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியது. 21ஆம் தேதி 25க்கு 13 என்று தீர்மானம் நிறைவேறியது. மாணவர்கள் கேட்ட சர்வதேச விசாரணை அதில் இல்லை. 2014 மார்ச் 27 தீர்மானத்தில்தான் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரிக்கும் என்று வந்தது. அந்த முறை இந்தியா நடுநிலை!

தோழர்களே, பட்டினி கிடந்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 'இந்தத் தீர்மானம் போதாது' என்று அவர்கள் சொன்னதே வாசகத்தைப் பார்த்துத்தான். நாமும் கோஷம் போடுமுன் வரைவை வாங்கி வரி வரியாகப் படிப்போம். ஒர்க் ஷாப்பில் அரை மில்லிமீட்டர் தப்பினால் ஜாப் சேராது என்று தெரிந்த நமக்கு, ஒரு சொல் தப்பினால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்