'வேலைக்கே போகாம இருந்தா எவ்ளோ நல்லாயிருக்கும்!' - ஒரு ஊரே அப்படி இருந்தபோது நடந்தது என்ன?

திங்கட்கிழமை காலை அலாரம் அடிக்கும்போது, 'பேசாம வேலையை விட்டுடலாமா' என்று நினைக்காதவர்கள் குறைவு. நேரம் மட்டும் கிடைத்தால் புத்தகம் படிப்போம், நண்பர்களைப் பார்ப்போம் என்று மனசு பட்டியல் போடும். ஆஸ்திரியாவில் ஒரு ஊருக்கே அந்த நேரம் கிடைத்தது. ஆனால், அது அவர்கள் கேட்டு வாங்கியதல்ல.

வியன்னாவுக்கு அருகில் உள்ள மரியன்தால், ஒரே ஒரு துணி ஆலையை நம்பியிருந்த ஊர். பொருளாதார மந்தத்தில் அந்த ஆலை 1930-ல் மொத்தமாக நின்றுபோனது. ஊரில் இருந்த 478 குடும்பங்களில் முக்கால்வாசி வீடுகளில் வேலைக்குப் போக ஒருவர்கூட இல்லை. 1931 இறுதியில் ஒரு ஆய்வுக் குழு அங்கே போனது. குழுவில் முக்கியமானவர் மேரி ஜஹோடா. அப்போது அவருக்கு வயது 24.

முதல் ஆச்சர்யம், நூலகம். வேலை இல்லை, நேரம் கொட்டிக் கிடக்கு, புத்தகம் எடுக்கக் கட்டணமும் ரத்து. கூட்டம் அலைமோதியிருக்கணும்தானே? 1929-ஐவிட 1931-ல் எடுக்கப்பட்ட புத்தகங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தன.

அடுத்து, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். 'காலையிலிருந்து என்ன செஞ்சீங்க?' என்று மணிக்கணக்கில் எழுதித் தரச் சொன்னால், எழுந்ததற்கும் மதிய சாப்பாட்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்றே பலருக்கும் சொல்லத் தெரியவில்லை. பெண்கள் வேகமாகத்தான் நடந்தார்கள். சமையல், துணி, பிள்ளைகள் என்று வீட்டு வேலை அப்படியே இருந்ததே! ஆலை வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்து அவர்களைப் பிழிந்தெடுத்த காலம் உண்டு. ஆனாலும், ஆலைக்குத் திரும்பவே அவர்கள் ஆசைப்பட்டார்கள். பணத்துக்காக மட்டுமல்ல, நாலு பேரைப் பார்ப்பதற்காகவும்தான்.

'காசு இல்லாததுதானே காரணம்?' என்று கேட்கலாம். அதுவும்தான். வருமானம் குறையக் குறைய குடும்பத்தின் மனநிலையும் சரிந்ததைக் குழுவே பதிவு செய்திருக்கிறது. ஆனால், சம்பளம் தாண்டியும் வேலை சில விஷயங்களைத் தருகிறது என்று ஜஹோடா பிற்காலத்தில் விளக்கினார். நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பு, 'நான் இன்னார்' என்ற அடையாளம், கை கால் ஓயாத இயக்கம். லேஆஃப் ஆனவர்களுக்கும், வருடக்கணக்கில் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இது புத்தக விஷயமல்ல. 'இன்னைக்கு என்ன கிழமை?' என்று அவர்கள் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுகிறோமே, அது பெரும்பாலும் தப்பான கணிப்பு.

அதற்காக, ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் அனுப்பும் மேனேஜரைக் கும்பிட வேண்டும் என்றில்லை. நாளையும் மரியாதையையும் பிடுங்கிக்கொள்ளும் வேலைகளும் இருக்கத்தான் செய்கின்றன.

கதை அங்கேயே முடியவில்லை. 2020-ல் அதே மரியன்தால் பகுதியில், நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்தவர்களுக்குச் சம்பளத்தோடு கட்டாயம் வேலை தரும் திட்டம் ஒன்றை அரசு வேலைவாய்ப்புத் துறை தொடங்கியது. ஆக்ஸ்போர்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து கவனித்தார்கள். வருமானத்தோடு, நாளின் ஒழுங்கும் மனிதத் தொடர்பும் திரும்பியது தெரிந்தது. திட்டத்தில் சேருவது அவரவர் விருப்பம்தான். ஆனாலும், பெரும்பாலானவர்கள் வேலையை ஏற்றுக்கொண்டார்கள்.