துளையும் எண்ணெயும்

ஊரிலிருந்து பெரியப்பா அழைத்தபோது, சனிக்கிழமை இரவு குடும்பமாக பௌலிங் போனோம் என்று சொன்னேன். "எத்தனை விக்கெட் எடுத்தனி?" என்று கேட்டார். இது கிரிக்கெட் இல்லை, பத்துக் கட்டைகளை ஓர் உருண்டையால் விழுத்த வேண்டும் என்று விளக்கினேன். "அதுக்கு ஏன் காசு குடுக்கிறாய்? கிட்டப் போய்க் காலால தட்டினா விழாதோ?" என்றார்.

விழும்தான். பின் என்று சொல்லப்படும் அந்தக் கட்டை ஒன்றின் உயரம் 38 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோ. லேசாகத் தட்டினாலே சாய்ந்துவிடும். ஆனால் நிற்கும் கோட்டிலிருந்து முதல் கட்டைவரை 18.29 மீட்டர் இருக்கிறது. கையிலிருந்து உருண்டை புறப்படும்போது திசை ஒரே ஒரு பாகை பிசகினால், கட்டைகளிடம் போய்ச் சேரும்போது அது 32 சென்டிமீட்டர் விலகியிருக்கும். ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 30.5 சென்டிமீட்டர்தான். பெரியப்பாவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நான் வசிக்கும் எசன், ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் உள்ள நகரம். பௌலிங் வருமுன்பே இங்கே கேகெல்ன் இருந்தது. மதுச்சாலையின் நிலவறையில் ஒரு நீளமான ஒடுங்கிய பாதை, அதன் முடிவில் ஒன்பது கட்டைகள். சுரங்கத்திலும் உருக்காலையிலும் வேலை செய்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து, நாள் குறித்து ஆடினார்கள். தவறாக வீசியவர் பொது உண்டியலில் தண்டம் போடவேண்டும். உண்டியல் நிறைந்தால் எல்லோரும் சேர்ந்து சுற்றுலா போவார்கள். நம்மூர்ச் சீட்டுக்காரர்கள் கவனிக்கவேண்டிய ஏற்பாடு. ஆட்டம் தொடங்கும்போது சொல்லும் வாழ்த்து "குட் ஹோல்ஸ்", அதாவது நல்ல மரம். உருண்டை ஒரு கட்டையையும் தொடாமல் ஓரத்து வாய்க்காலில் விழுந்தால் அதற்குப் பெயர் "பூடல்". சடை வளர்ந்த அந்த நாய்க்கும் இதே பெயர்தான்.

இந்தப் பகுதியில் வழக்கமான கேகெல்ன் பாதைக்குக் கத்தரிக்கோல் பாதை என்று பெயர். முதல் பாதியில் அகலம் வெறும் 35 சென்டிமீட்டர். பிறகு கத்தரிக்கோல் வாயைத் திறப்பதுபோல் விரிந்து, கட்டைகள் நிற்குமிடத்தில் 1.25 மீட்டர் ஆகிறது. எசனின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான சோல்ஃபெரைன் 1986-ல் மூடப்பட்டது. சுரங்கங்கள் போனபின் மதுச்சாலைகளும் குறைந்தன, அவற்றின் கீழிருந்த பாதைகளும் குறைந்தன.

அதற்கு வெகுகாலம் முன்பே, கப்பலேறி அமெரிக்கா போன ஜெர்மானியர்கள் இந்த விளையாட்டையும் கூடவே கொண்டுபோயிருந்தார்கள். அங்கே அது சூதாட்டத்தோடு சேர்ந்துகொண்டது. 1841-ல் கனெடிகட் மாநிலம் ஒன்பது கட்டை ஆட்டத்தைத் தடை செய்தது. ஒன்பதுக்குத்தானே தடை என்று பத்தாவதை நட்டார்கள் என்பது கதை. உண்மையோ பொய்யோ, கேட்கச் சுவையானது. 1895 செப்டம்பர் 9-ஆம் நாள் நியூயார்க்கின் பீத்தோவன் மண்டபத்தில் அமெரிக்க பௌலிங் சங்கம் உருவாகி, ஆட்டத்துக்குப் பொது விதிகள் வகுத்தது. அந்த அமெரிக்க வடிவம்தான் பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, இப்போது சனி இரவுகளில் எங்கள் பிள்ளைகளின் காசைத் தின்கிறது.

போகும்போது இருந்ததைவிடத் திரும்பி வரும்போது ஆட்டத்தில் இரண்டு சங்கதிகள் கூடியிருந்தன. கேகெல்ன் உருண்டை 16 சென்டிமீட்டர் விட்டமும் மூன்று கிலோவுக்குக் குறைந்த எடையும் உள்ளது. பெரும்பாலும் துளை இல்லாதது, உள்ளங்கையில் ஏந்தி உருட்டலாம். பௌலிங் உருண்டை பெரியது, பாரமானது, விரல் நுழைக்கத் துளை இல்லாமல் ஆகாது. பௌலிங் பாதையில் எண்ணெயும் பூசுகிறார்கள். புதிதாக ஆட வருகிறவர் படும் பாட்டில் முக்கால்வாசி இந்தத் துளையாலும் எண்ணெயாலும் வருவது. அவரோ தன் கையைத்தான் நொந்துகொள்வார்.

எங்கள் வீட்டில் சித்திதான் முதல் நோயாளி. பொதி அடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவர், கைப்பலம் அதிகம். பன்னிரண்டாம் எண் உருண்டையை எடுத்தார். வீசியதெல்லாம் இடது வாய்க்காலுக்குப் போனது. "கையை நேராப் பிடியுங்கோ சித்தி" என்று ஆளுக்கொருவர் வாத்தியாரானோம். பிழை கையில் இல்லை, பெருவிரலில் இருந்தது. வாடகைக்குத் தரும் உருண்டைகளில் பாரம் கூடக்கூடத் துளையும் பெரிதாகும். பாரமானதைத் தூக்குகிறவருக்கு விரலும் தடிப்பாக இருக்கும் என்ற கணக்கு. சித்தியின் விரல்களோ மெல்லியவை. துளைக்குள் பெருவிரல் ஆடியது. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் உருண்டையை இறுக்கிப் பிடித்தார். இறுக்கினால் மணிக்கட்டு உள்பக்கம் திரும்பும், பெருவிரல் பிந்தி வெளியே வரும், உருண்டை உடம்பின் குறுக்கே இழுபட்டு இடது பக்கம் போகும். ஒன்பதாம் எண்ணுக்கு மாறினார். துளை அளவாக இருந்தது. மூன்றாவது வீச்சிலேயே எட்டுக் கட்டைகள் விழுந்தன. அன்று இரவு முழுவதும் எங்களால் சித்தியோடு கதைக்க முடியவில்லை.

துளையைச் சோதிப்பது எளிது. பெருவிரலை முழுவதும் உள்ளே விட்டு மெல்லச் சுழற்றிப் பாருங்கள். தோல் சுற்றிலும் தொடவேண்டும், பிடித்து இழுக்கக்கூடாது. அடுத்து, பெருவிரல் உள்ளே இருக்கும்போதே நடுவிரலையும் மோதிர விரலையும் மற்ற இரண்டு துளைகளின் மேல் விரித்து வையுங்கள். விரலின் இரண்டாவது மூட்டு மடிப்பு, துளையின் பெருவிரல் பக்கத்து விளிம்பை ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் இடைவெளி சரி. அதிகம் தாண்டினால் இடைவெளி போதாது, நீங்களும் சித்தியைப் போல இறுக்குவீர்கள். எட்டவே இல்லையென்றால் கை அளவுக்கு மீறி விரிகிறது. ஒரு மணி நேரத்தில் பெருவிரலின் அடி வலிக்கத் தொடங்கும்.

துளை இறுக்கமாக இருந்தால் பெருவிரல் மாட்டிக்கொள்ளும். உருண்டை தரையைத் தொடாமல் பறந்துபோய் இரண்டு மீட்டர் தள்ளி 'தொம்' என்று விழும். மண்டபமே திரும்பிப் பார்க்கும். ஆட ஆட விரல் வீங்குவதும் உண்டு. தொடர்ந்து ஆடுகிறவர்கள் துளைக்குள் மெல்லிய நாடாக்களை ஒட்டிவைத்து, விரல் வீங்க வீங்க ஒவ்வொன்றாக உரிப்பார்கள். சொந்த உருண்டை வாங்குகிறவருக்குக் கடையில் கையை அளந்து துளையிட்டுத் தருவார்கள். அதில் இரு விரல்களும் முதல் மூட்டுவரைதான் நுழையும். பெருவிரல் முதலில் கழன்றதும் அந்த இரு விரல் நுனிகளும் உருண்டையைத் தூக்கிச் சுழற்றிவிடும். வளைவுக்கு வேண்டிய சுழற்சி அங்கேதான் பிறக்கிறது.

உருண்டையில் உள்ள எண் பவுண்டைக் குறிக்கும். எல்லாவற்றையும் கிலோவில் நிறுக்கும் இந்த நாட்டில் இது மட்டும் விதிவிலக்கு. விதி அனுமதிக்கும் உச்சம் 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கைக்கணக்கு. தோள் முனகினால் அதற்கும் கீழே இறங்குவதில் வெட்கமில்லை. ஆனால் மிகவும் இலேசானது முதல் கட்டையில் பட்டதுமே திசை மாறி ஒதுங்கிவிடும், பின்னால் நிற்கும் கட்டைகளைப் போய்ச் சேராது.

கண்ணை எங்கே வைப்பது? பலர் தொலைவில் நிற்கும் கட்டைகளைப் பார்த்து வீசுகிறார்கள். பாதையில் கோட்டிலிருந்து ஏறக்குறைய நாலரை மீட்டரில் ஏழு அம்புக்குறிகள் இருக்கின்றன. அவை அலங்காரத்துக்கு வரைந்தவை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பாதையின் குறுக்கே 39 பலகைகள். ஐந்து பலகைக்கு ஓர் அம்பு. நேராக வீசுகிறவருக்கு இந்த அம்புக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அம்பிலிருந்து கட்டைவரை உள்ள தூரம், கோட்டிலிருந்து அம்புவரை உள்ளதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே அதே அம்பைப் பார்த்தபடி நிற்கும் இடத்தை ஒரு பலகை இடப்பக்கம் மாற்றினால், உருண்டை முடிவில் மூன்று பலகை வலப்பக்கம் போகும். இடப்பக்கம் தவறினால் இடப்பக்கம் நகருங்கள், வலப்பக்கம் தவறினால் வலப்பக்கம். மனம் இதற்கு நேர்மாறாகச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் ஒத்த முக்கோணம் எதற்கு என்று கேட்டவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

பத்தையும் ஒரே வீச்சில் விழுத்துவதற்கு ஸ்ட்ரைக் என்று பெயர். வலதுகைக்காரர் குறிவைக்கும் இடம் முதல் கட்டைக்கும் அதன் வலப்பக்கத்து மூன்றாம் கட்டைக்கும் இடைப்பட்ட சந்து. அப்பழுக்கில்லாத ஸ்ட்ரைக்கில் உருண்டை தொடுவது ஒன்று, மூன்று, ஐந்து, ஒன்பது ஆகிய நாலு கட்டைகளை மட்டும்; மற்ற ஆறையும் கட்டைகளே ஒன்றையொன்று தள்ளி விழுத்தும். இதற்கு உருண்டை ஏறக்குறைய ஆறு பாகை சாய்வில் உள்ளே நுழைவது நல்லது. பாதையின் அகலமோ ஒரு மீட்டரும் சில சென்டிமீட்டரும். வலது ஓரத்திலிருந்து நேர்கோட்டில் வீசினால் ஒன்றரைப் பாகையைக்கூட எட்ட முடியாது. மீதிச் சாய்வு வேண்டுமென்றால் உருண்டை வழியில் வளையவேண்டும். வளையவிடுவதும் விடாததும் தரையில் இருக்கும் எண்ணெயின் கையில்.

எண்ணெய் என்றதும் வழுக்கும் தரை என்று நினைக்கவேண்டாம். ஒரு பாதைக்கு இயந்திரம் பூசுவது 20 முதல் 30 மில்லிலீட்டர். ஒரு வடை பொரிக்கவும் காணாது. மரப்பாதையை உருண்டையின் உராய்விலிருந்து காப்பாற்றப் பூசத் தொடங்கியது, இன்று ஆட்டத்தின் பாதியாகிவிட்டது. முதல் பன்னிரண்டு மீட்டர் தூரத்துக்கு எண்ணெய், அதன் பிறகு உலர்ந்த தரை. சுழலும் உருண்டை எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும், உலர்ந்த இடம் வந்ததும் உராய்வு பிடித்துத் திருப்பும், கடைசியில் உருளும். எல்லாம் இரண்டரை வினாடிக்குள் முடிந்துவிடும்.

பொதுமக்கள் ஆடும் மண்டபங்களில் எண்ணெயை நடுவில் கனமாகவும் ஓரங்களில் மெல்லிசாகவும் பூசுகிறார்கள். அதில் ஒரு கருணை இருக்கிறது. கொஞ்சம் வெளியே தவறிய வளைவு வீச்சு, உலர்ந்த ஓரத்தில் பிடிபட்டு உள்ளே திரும்பும். உள்ளே தவறியது நடு எண்ணெயில் வழுக்கி நேராகப் போகும். போட்டிகளில் இந்தச் சலுகை கிடையாது. பௌலிங்கை வெறும் வணிக வளாகப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தமிழ்நாட்டின் ஷப்பீர் தன்கோட் இந்தியத் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர்.

இந்த எண்ணெய் இருந்தபடி இருக்காது. ஆறு மணிக்கு நன்றாக வளைந்த வீச்சு எட்டு மணிக்கு முன்கூட்டியே வளைந்து முதல் கட்டையின் இடப்பக்கம் பாய்கிறதா? உங்கள் கை மாறவில்லை. எல்லோரும் ஒரே தடத்தில் வீசி அங்கிருந்த எண்ணெயை எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும் உருண்டையைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் வளையம் வளையமாக ஒட்டியிருக்கும். துவாயால் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று பலகை இடப்பக்கம் நகர்ந்து, எண்ணெய் மிச்சமுள்ள இடத்தில் வீசுங்கள்.

மண்டபத்தின் வாடகை உருண்டை பெரும்பாலும் பாலியெஸ்டர் மேற்பரப்பு கொண்டது. எப்படிச் சுழற்றினாலும் அதிகம் வளையாது. தொலைக்காட்சியில் காணும் பெரிய வளைவுகள், 1990-களின் தொடக்கத்தில் வந்த வினைப் பிசின் உருண்டைகளின் வேலை. அவை எண்ணெயை உறிஞ்சித் தரையைப் பற்றிக்கொள்ளும். வாடகை உருண்டையால் அந்த வளைவைப் போட முயன்று மணிக்கட்டை நோகவைத்த இளைஞர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நேராக வீசுவதே புத்தி.

இனிச் சப்பாத்து. அதை வாடகைக்குத் தருவது தரை அழுக்காகாமல் இருக்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைசி அடியில் இடதுகால் சில அங்குலம் வழுக்கி நிற்கவேண்டும். அதற்கேற்ற அடித்தோல் அது. ஒரு துளி ஈரம் பட்டாலும் அந்த வழுக்கல் போய்விடும். கால் தரையில் ஒட்டும், மேலுடம்பு முன்னே போகும், மூக்கு தரையைப் பார்க்கும். எசனில் மழைக்குப் பஞ்சமில்லை. 2013 மே 1 முதல் இந்த மாநிலத்தில் மதுச்சாலைகளுக்குள் புகைக்கத் தடை. வாடகைச் சப்பாத்தோடு வாசலுக்குப் போய் ஒரு சிகரெட் முடித்துவிட்டு, ஈரக் காலோடு வந்து வீசப்போனவர் கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உருண்டை மட்டும் நேராகப் போய் ஏழு கட்டைகளை விழுத்தியது.

கேகெல்னில் கட்டைகளைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். விழுந்தவற்றை இயந்திரம் கயிற்றால் இழுத்து நிறுத்தும். பௌலிங்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. செலவு குறைவு என்பதால் இப்போது பௌலிங் மண்டபங்களும் கயிற்றுக்கு மாறிவருகின்றன. 2023-ல், அங்கே விதி வகுக்கும் அமைப்பான அமெரிக்க பௌலிங் காங்கிரஸே கயிற்றுக்கட்டை ஆட்டத்தைத் தனிப்பிரிவாக ஏற்றுக்கொண்டது. ரூர் நிலவறைக் கிழவர்கள் இதைக் கேட்டால் இன்னொரு பியர் வாங்குவார்கள்.

அடுத்தமுறை போகும்போது வர்ணத்தைப் பார்த்து உருண்டையை எடுக்காதீர்கள். நாலைந்தில் பெருவிரலை விட்டுப் பார்த்து எடுங்கள். துடைக்க ஒரு சின்னத் துவாய் கொண்டுபோங்கள். காலுறையையும் மறக்கவேண்டாம். சப்பாத்து அங்கே தருவார்கள், காலுறை தரமாட்டார்கள்.