பூனைக்கு மீன் வைக்கும் முன்

மீன் ஆயும்போது காலைச் சுற்றும் பூனைக்குக் குடலையும் செவுளையும் தூக்கிப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். ‘மீன்பிடித் துறைமுகத்துப் பூனைகள் அதைத் தின்றுதானே வாழ்கின்றன?’ என்பார்கள். அவை எத்தனை ஆண்டு வாழ்கின்றன என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மத்தி, நெத்திலி போன்ற மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமினேஸ் என்ற நொதி உண்டு. பூனைக்குத் தேவையான வைட்டமின் பி1-ஐ அது சிதைத்துவிடும். ஒருநாள் தின்றால் ஒன்றும் ஆகாது. தினமும் அதுவே உணவென்றால் முதலில் பசி போகும்; பிறகு நடை தள்ளாடும், தலை மார்பை நோக்கித் தொங்கும், வலிப்பும் வரும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள். காலத்தோடு பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

வேகவைத்தால் அந்த நொதி அழியும். ஆனால் வெயிலில் கிடந்த சூரை, அயிலையில் ஊறும் ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது. கரையில் வீசப்படும் பேத்தை மீனின் நஞ்சும் அப்படித்தான்.

குழம்பு மீனை அலசிக் கொடுப்பதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். புது மீனை வெறும் தண்ணீரில் அவித்து, முள் எடுத்து, வாரத்துக்கு ஓரிரு முறை கொஞ்சமாகக் கொடுங்கள். எண்ணெய் மீனையே நாளும் கொடுத்தால் உடற்கொழுப்பு அழற்சியுற்று, தொட்டாலே வலியில் கத்தும்.

முள் சிக்கினால் எச்சில் வடியும், முன்காலால் வாயைத் தேய்க்கும். நமக்குச் செய்வதுபோல் சோற்று உருண்டையைத் திணிக்காதீர்கள். வாயில் தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்கவே கூடாது; குடல் கிழியும். அப்படியே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், என்ன மீன், எப்போது தின்றது என்று சொல்லுங்கள். பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்பது கொலைக்குச் சமம். ஒரே மாத்திரை போதும்.

மீனில் ஃபார்மலின் கலந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், பூனைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அது ஆகாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் தரலாம். தொல்லை தாங்காமல் மீனில் விஷம் தடவி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விஷம் வைத்து விலங்கைக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை சிறை உண்டு. தெருப்பூனைக்கும் இது பொருந்தும்.