ஆயிரத்தில் ஓர் இழை

கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் அடிக்கடி நம் செவியில் விழும் வாதம் ஒன்றுண்டு. "என் பங்கு சொற்பம், என் கடன் பாக்கியும் சொற்பம். நான் ஒருவன் தவணை தவறினால் சங்கம் மூழ்கிவிடுமா?" என்பதே அது. கணக்கின்படி பார்த்தால் அவ்வாறு கூறும் அங்கத்தினர் பொய் சொல்லவில்லை. அவர் ஒருவரால் சங்கம் மூழ்காது. ஆயினும் மூழ்கிய சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டிப் பார்த்தால், அவற்றுள் பலவற்றை மூழ்கடித்தவை இத்தகைய சொற்பப் பாக்கிகளே என்பது விளங்கும்.

இதே வாதம் இன்று உலக அரங்கிலும் ஒலிக்கிறது. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிப்பதனால் கரியமில வாயு வானில் சேருகிறது. ஆடுமாடுகளின் செரிமானத்தாலும் சாணக் குழிகளாலும் மீத்தேன் வாயு எழுகிறது. உரமிட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு கிளம்புகிறது. இவை பூமியின் மீது ஒரு போர்வையெனப் படிந்து வெப்பத்தைத் தேக்குகின்றன. இவற்றைக் குறைத்தல் வேண்டுமென 1992ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனீரோ நகரிலும், 2015ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலும் உலக நாடுகள் ஒப்பின. அப்பால் எழுந்த வினா, யார் எவ்வளவு குறைப்பது என்பதாகும். "நாங்கள் சிறிய நாட்டினர், எங்கள் புகை உலகப் புகையில் ஒரு துளி, நாங்கள் குறைத்தென்ன, குறைக்காவிட்டாலென்ன?" என்று கேட்போர் பல நாடுகளிலும் உளர்.

இவ்வினாவை ஆராய்வதற்கு வட ஐரோப்பாவிலுள்ள டென்மார்க்கினும் தக்க நாடு நமக்குக் கிடைப்பது அரிது. அந்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 60 லட்சமே. உலகில் வெளியாகும் வெப்பம் தேக்கும் வாயுக்களில் அதன் பங்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. நாளைக் காலை அந்நாட்டின் அடுப்புகளும் ஆலைகளும் முற்றிலும் அணைந்துபோயினும் உலகின் வெப்பமானியில் அது தெரியப்போவதில்லை. இதனை நன்கு அறிந்திருந்தும், 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 100க்கு 70 பங்கு குறைப்பதை 2030ஆம் ஆண்டுக்குள் முடித்தே தீருவதென அந்நாடு 2020ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிக்கொண்டது. ஏறத்தாழப் பாதியளவு இதற்குள் குறைந்தும் விட்டது.

கூட்டுறவு வளர்த்த நாடு

டென்மார்க்கின் பெயர் கூட்டுறவாளர்களுக்குப் புதியதன்று. 1882ஆம் ஆண்டில் மேற்கு ஜட்லாந்திலுள்ள ஹெடிங் என்னும் சிற்றூரில் அந்நாட்டின் முதற் கூட்டுறவுப் பால் பண்ணையை விவசாயிகள் தொடங்கினர். நூறு மாடு உடையவர்க்கும் இரண்டே மாடு உடையவர்க்கும் வாக்கு ஒன்றே என்பது அப்பண்ணைகள் கைக்கொண்ட விதி. மாட்டின் தலையை எண்ணாமல் மனிதரின் தலையை எண்ணுதல் என்று அந்நாட்டவர் இதனைச் சொல்லுவர்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழிலும் அங்குக் கிராமத்து மண்ணிலேயே முளைத்தது. 1891ஆம் ஆண்டில் ஆஸ்கோவ் மக்கள் உயர்பள்ளியின் ஆசிரியர் பௌல் லா கூர், காற்றாலையைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் சோதனைகளைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற யொஹன்னஸ் யூல் 1957ஆம் ஆண்டில் கெட்ஸர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார். பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்த அந்நாளில் அதனைப் போற்றியவர் சிலரே. 1967ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது.

1973ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்நாளில் டென்மார்க்கின் எரிபொருள் தேவையில் 100க்கு 90 பங்கு, வெளிநாட்டிலிருந்து வந்த எண்ணெயையே நம்பி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் கார் ஓட்டுதல் தடை செய்யப்பட்டது. அப்பொழுதுதான் தச்சர்களும், கருமார்களும், விவசாயக் கருவி செய்வோரும் பழைய காற்றாலையை மீண்டும் கையிலெடுத்தனர். 1985ஆம் ஆண்டில் அணுமின் நிலையங்கள் வேண்டாவென அந்நாட்டுப் பார்லிமெண்டு தீர்மானித்தது. காற்று வளர்ச்சிக்கு வழி பின்னும் அகன்றது.

காற்றில் பங்கு வாங்கியோர்

இங்கே நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. அக்காற்றாலைகளுக்கு முதல் போட்டவர்கள் முற்றிலும் பெரிய கம்பெனிகள் அல்லர். ஓர் ஊரார் ஒன்றுகூடிக் காற்றாலை ஒன்றை விலைக்கு வாங்குவர். அதனைப் பல பங்குகளாக வகுப்பர். விற்ற மின்சாரத்தின் வருவாயைப் பங்கு விகிதப்படி பிரித்துக்கொள்வர். இருபதாம் நூற்றாண்டு முடியுமுன் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு காற்றில் பங்காளிகளாயினர்.

கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நிற்கும் மிடல்குருண்டன் காற்றாலைகள் இதற்குச் சிறந்த சான்று. 2001ஆம் ஆண்டில் தொடக்க விழா கண்ட அவ்விடத்தில் 2 மெகாவாட் திறனுள்ள ஆலைகள் 20 உள்ளன. அவற்றுள் 10 நகர மின்சார நிலையத்துக்கும், 10 கூட்டுறவுச் சங்கத்துக்கும் உரியனவாக அமைந்தன. சங்கத்தின் பங்குகள் 40,500. பங்கொன்றின் விலை 4,250 குரோன். பங்கொன்றுக்கு ஆண்டில் 1,000 யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும் என்பது கணக்கு. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் இதில் அங்கத்தினராயினர்.

சம்ஸோ என்னும் தீவின் கதையும் இத்தகையதே. நாலாயிரம் பேர் வாழும் அத்தீவு, தன் எரிபொருளைத் தானே தேடிக்கொள்ளும் தீவாக விளங்குவதற்கு 1997ஆம் ஆண்டில் அரசினர் நடத்திய போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலத்தில் 11 காற்றாலைகளும் கடலில் 10 காற்றாலைகளும் எழுந்தன. சிலவற்றை விவசாயிகளும், சிலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களும், சிலவற்றை ஊராட்சியும் வாங்கின. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடேற்றுவதற்கு வயலில் எஞ்சிய வைக்கோலை எரித்து வெந்நீரைக் குழாய் வழியே அனுப்புகின்றனர்.

இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்டது காற்றிலிருந்து கிடைப்பதாகும்.

வாதத்துக்கு விடை

இனி, தொடக்கத்தில் கண்ட வாதத்துக்கு வருவோம். சிறிய நாட்டுக்குப் பொறுப்பு உண்டு என்பதற்கு நாம் மூன்று காரணங்கள் காண்கிறோம்.

முதலாவது, சிறுமை என்பது எல்லைக்கோடு செய்யும் மாயம். சீன நாட்டை டென்மார்க்கின் மக்கள் தொகைக்கு ஏற்பத் துண்டு போட்டால் இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகள் ஆகும். அப்பொழுது ஒவ்வொரு துண்டும், "நான் மிகச் சிறியவன்" என்று ஒதுங்கிக்கொள்ளலாமன்றோ? உலகப் புகையில் 100க்கு 2 பங்குக்குக் குறைவாக வெளியிடும் நாடுகளை எல்லாம் ஒன்றுசேர்த்தால் அவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. ஓரிழை அறுந்ததும் நெசவாளர் தறியை நிறுத்தி அதனை முடிகிறார். ஆயிரத்தில் ஒன்றுதானே என்று விட்டுவிட்டால் சேலையின் நீளம் முழுவதும் அந்த இடைவெளி தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது, பொறுப்பினைத் தலைக்கணக்காலும், பழைய வரவு செலவாலும், தாங்கும் ஆற்றலாலும் அளத்தல் வேண்டும். டென்மார்க்கில் ஒருவர் பங்குக்கு ஆண்டில் ஏறத்தாழ 5 டன் கரியமில வாயு வெளியாகிறது. நம் நாட்டில் ஏறத்தாழ 2 டன். அந்நாட்டின் புகைபோக்கிகளோ நூற்றைம்பது ஆண்டுகளாகப் புகைபவை. இதனைக் கருதியே ரியோ உடன்படிக்கை, பொறுப்பு யாவர்க்கும் பொது, ஆயின் அளவு வேறு வேறு என்று வகுத்தது. நம் சங்கங்களில் சிறு விவசாயிக்கும் பெரு விவசாயிக்கும் கடன் வரம்பு வேறாக இருப்பினும், திருப்பிச் செலுத்தும் கடமை இருவர்க்கும் பொது அன்றோ?

மூன்றாவது காரணமே தலையாயது. சிறிய நாடு தன் புகையைக் குறைப்பதால் விளையும் நன்மை சிறிது. ஆனால் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதால் விளையும் நன்மை பெரிது. உலகிலேயே முதன்முதலாகக் கடலில் காற்றாலைத் தொகுதி நிறுவியது டென்மார்க்கே. 1991ஆம் ஆண்டில் விண்டெபி என்னுமிடத்தில் 11 ஆலைகள் எழுந்தன. 25 ஆண்டுகள் உழைத்தபின் 2017ஆம் ஆண்டில் அவை பிரிக்கப்பட்டன. அச்சிறு தொகுதியில் கற்ற பாடத்தைக் கொண்டு பிற நாடுகள் அதனினும் பன்மடங்கு பெரியவற்றைக் கட்டிவிட்டன. நம் தென்பாண்டிச் சீமையிலும் முப்பந்தல், கயத்தாறு வட்டாரங்களில் தொடக்க காலக் காற்றாலைகள் சில டென்மார்க் அரசின் உதவியோடு நிறுவப்பட்டவையே. ஆயிரத்தில் ஒரு பங்கினர் செய்த வேலை தம் பங்கின் அளவோடு நின்றுவிடவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தொழுவத்துக்கு வந்த வரி

காற்றாலையில் பங்கு வாங்குதல் இனிய செயல். அதில் வருவாய் உண்டு. மெய்யான சோதனை இப்பொழுதுதான் தொடங்கியிருக்கிறது. டென்மார்க்கின் நிலப்பரப்பில் 100க்கு 60 பங்கு விவசாய நிலம். பன்றிகளின் தொகை மக்கள் தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மின்சாரத்தின் புகை குறையக் குறைய, பண்ணையின் வாயு கணக்கில் மேலெழுந்து நிற்கிறது.

எனவே 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசினரும், விவசாயிகளின் அமைப்பினரும், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தினரும், தொழிலாளர் சங்கத்தினரும், தொழிலதிபர்களும், நகராட்சிகளின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அவ்வாண்டு நவம்பரில் பார்லிமெண்டின் பெரும்பான்மையோர் இதனை ஏற்றனர். இதன்படி 2030ஆம் ஆண்டு முதல் கால்நடைகளால் வெளியாகும் வாயுவுக்கு டன் ஒன்றுக்கு 300 குரோன் வரி; 2035இல் அது 750 குரோன். ஆனால் அந்தந்தக் கால்நடை இனத்தின் சராசரி வெளியீட்டில் 100க்கு 60 பங்குக்குக் கழிவு உண்டு. ஆகவே சராசரியாக நடக்கும் பண்ணைக்கு மெய்யான சுமை 120 குரோனும், பின்னர் 300 குரோனுமாக அமையும். தீவனத்தை மாற்றியும் சாணத்தைச் சீராகப் பேணியும் வாயுவைக் குறைப்பவர் அதனினும் குறைவாகவே செலுத்துவர். முதல் இரண்டாண்டு வரி வருமானம் விவசாயத்தை மாற்றியமைக்கும் செலவுக்கே திரும்பிச் செல்லும். இத்துடன் இரண்டரை லட்சம் ஹெக்டேரில் புதிய காடு வளர்க்கவும் முடிவாயிற்று.

வரிக்கு எதிராகப் பேசியவர்களின் வாதத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடல் ஆகாது. "எங்கள் பாலின் விலை ஏறினால் வாங்குவோர் வேறு நாட்டுப் பாலை வாங்குவர், அங்கே இதனினும் மிகுதியாக வாயு வெளியாகும், எங்கள் தொழுவம் காலியாவதன்றி வானுக்கு என்ன நன்மை?" என்று அவர்கள் கேட்டனர். இது நியாயமான கேள்வி. கழிவு கொடுத்ததும், வரிப்பணத்தைத் திருப்பியதும், ஆறாண்டு அவகாசம் அளித்ததும் இக்கேள்விக்கு விடையாகவே. இதே போன்ற கேள்வியை எதிர்நோக்கிய நியூஸிலாந்து, 2024ஆம் ஆண்டில் விவசாயத்தைத் தன் வாயு விலைத் திட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. எவ்வழி சரியென்பதைக் காலம் காட்டும். ஆயினும் சுமப்பவரை மேசையில் உட்காரவைத்துப் பேசி முடித்த சுமை, மேலிருந்து இறக்கிய சுமையைவிட நெடுநாள் நிலைக்கும் என்பது கூட்டுறவாளர் யாவரும் அறிந்ததே.

கணக்கில் ஏறாதவை

கணக்குப் பார்ப்பவர்க்கு வரவு மட்டும் காட்டினால் போதாது. டென்மார்க்கின் பேரேட்டிலும் குறைகள் உள. வெளிநாட்டிலிருந்து வரும் மரத்தூள் விறகை எரித்து அவர்கள் பெருமளவு வெப்பமும் மின்சாரமும் பெறுகின்றனர். அப்புகை அவர்கள் கணக்கில் பூஜ்யமென்றே எழுதப்படுகிறது. பன்றித் தீவனத்துக்கான சோயா தென் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே விளையும் கேடு அங்கேயே எழுதப்படுகிறது. கடல் கடந்து ஓடும் கப்பல்களின் புகையோ எந்த நாட்டின் கணக்கிலும் ஏறுவதில்லை. டென்மார்க் பெருங்கப்பல் தொழில் உடைய நாடு. காற்றாலைகள் பெருகப் பெருகப் பெரிய கம்பெனிகளின் கை ஓங்கியது. பங்கில்லாத ஊரார் தம் வாசலில் காற்றாலை வேண்டாவென எதிர்ப்பதும் வளர்ந்தது.

எனினும் ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். அந்நாட்டுச் சட்டத்தின்படி மந்திரி ஆண்டுதோறும் பார்லிமெண்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சுயேச்சையான நிபுணர் குழு ஒன்று அதனைப் பரிசீலித்து, இலக்கு எட்டுமா எட்டாதா என்பதை வெளிப்படையாக அறிவிக்கிறது. 2020ஆம் ஆண்டில் வட கடலில் புதிதாக எண்ணெய் எடுக்க உரிமம் வழங்குவதில்லை என்றும், 2050ஆம் ஆண்டோடு எண்ணெய் எடுப்பதையே முடிப்பதென்றும் அந்நாடு தீர்மானித்தது. வருவாய் தரும் பண்டத்தைத் தானே கைவிடுவது, பேச்சளவில் நின்றுவிடும் தீர்மானமன்று.

நம் நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் நட்டமே. எனவே பிற நாடுகள் தம் பங்கைச் செலுத்துகின்றனவா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வாறு கேட்கும்போது, சிறிய நாடு என்ற காரணத்தால் எவருக்கும் விலக்கு அளித்தல் ஆகாது. ஆற்றலுக்கு மிஞ்சிய சுமையை எவர் தலையிலும் ஏற்றுதலும் ஆகாது. சங்கங்களின் அடுத்த மாதக் கூட்டத்தில் மிடல்குருண்டன் சங்கத்தின் பங்கு முறையையும், தொழுவ வரியின் கழிவு முறையையும் படித்துக் காட்டி, நம் சங்கக் கட்டடங்களுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் வேண்டிய மின்சாரத்தைப் பங்கு சேர்த்துப் பெற வழியுண்டா என்று அங்கத்தினர்கள் விவாதிப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயன் கைகூடியதாகக் கொள்வோம்.