பெரட்டில் குரல் கொடுக்காத பெயர்

இரவு ஷிப்ட் – தொடர் 17

ஷிப்ட் மாறும் நேரத்தில் கூலிம் ஹைடெக் பூங்காவின் சாலைகளைப் பார்க்க வேண்டும். பாடாங் செராய், லூனாஸ், கரங்கான், சுங்கைப்பட்டாணி என்று நாலா பக்கமிருந்தும் ஃபேக்டரி பஸ்கள் வந்து ஆட்களை இறக்கும். வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். அந்த பஸ்களில் தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய. அப்பா, அம்மா பால்மரம் சீவியவர்கள். பிள்ளைகள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு டெக்னீஷியன் சட்டை போட்டவர்கள். இந்தத் தொடரை நான் எழுதுவதே அவர்களுக்காகத்தான்.

அப்படி ஒரு தம்பி ராத்திரி ஒரு மணிக்கு மேல் எனக்குப் போன் அடித்தான். ஸ்டோரில் ரசாயன டிரம்களை எடை போடும் தராசு. தராசிலிருந்து எடையை வாங்கி லேபிள் அடிக்கும் ஒரு ஜாவா புரோகிராம். பழைய கணினி படுத்துவிட்டதால் அன்றைக்குப் புதுசு வைத்திருந்தார்கள்.

“அண்ணே, தராசு பேச மாட்டேங்குது. ஓட வெச்சா பக்கம் பக்கமா இங்லீஷ்ல கொட்டுது.”

“முதல் வரி என்ன சொல்லுது தம்பி?”

“படிக்கலண்ணே. எரர்னு பார்த்ததும் மூடிட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு எப்போதும் வலிக்கும். எத்தனையோ பிள்ளைகளிடம் இதைக் கேட்டுவிட்டேன். இங்கிலீஷில் நீளமாக ஏதாவது வந்தால் துரை திட்டுவதுபோல நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிடுகிறோம். ஜாவா திட்டவில்லை. எந்தப் பொருள் காணோம், எங்கே தேடினேன் என்று விலாசம் சொல்கிறது. இன்னொரு தடவை ஓடவிட்டு ஒவ்வொரு வரியாக எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன்.

அதற்கு முன் இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். தராசுக்கும் கணினிக்கும் நடுவில் இருந்தது ஒன்பது ஊசிகள் கொண்ட பழைய சீரியல் கேபிள். ஆர்எஸ்-232 என்ற அந்தத் தரம் 1960-இல் வந்தது. வீட்டுக் கணினிகளிலிருந்து அது எப்போதோ போய்விட்டது. ஆலைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. சிப் தயாரிக்கும் இயந்திரங்கள் கணினியோடு பேசுவதற்கான செக்ஸ்-1 என்ற நெறிமுறையே இந்தக் கம்பியின் மேல்தான் எழுந்தது. ஜாவாவுக்குச் சொந்தமாக சீரியல் போர்ட்டைத் தொடத் தெரியாது. அதற்கென்று பலரும் பயன்படுத்திய நூலகம் ஆர்எக்ஸ்டிஎக்ஸ். அது இரண்டு துண்டாக வரும். ஒன்று ஜார் கோப்பு, அதாவது ஜாவா கிளாஸ்களின் மூட்டை. மற்றொன்று விண்டோஸுக்கான டிஎல்எல் கோப்பு. இது சி மொழியில் எழுதி, அந்தந்த இயந்திரத்துக்கென்றே தயாரானது. இரண்டில் எது காணாமல் போனாலும் தராசு ஊமை. ஆனால் இரண்டையும் தேடும் இடங்கள் வேறு, காணாவிட்டால் வரும் செய்திகளும் வேறு.

பழைய கணினியின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறை போட்டு ஓர் அட்டை ஒட்டியிருந்தது. எழுதிவைத்தவர் வேலையை விட்டுப்போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ‘ஜார் கோப்பை ஜாவா ஃபோல்டரின் லிப், எக்ஸ்ட் என்ற இடத்தில் போடு, டிஎல்எல் கோப்பை பின் என்ற இடத்தில் போடு.’ தம்பி அதை அப்படியே செய்திருக்கிறான். புது ஜாவாவில் எக்ஸ்ட் ஃபோல்டரே இல்லை என்றதும் அவனே ஒன்றை உருவாக்கி, ஜாரை அதற்குள் போட்டுவிட்டான். பாவம், அட்டையை நம்பியவன் வேறென்ன செய்வான்?

அவன் படித்த முதல் செய்தியே அதைத்தான் சொன்னது: லிப்/எக்ஸ்ட் இருக்கிறது, அந்த வசதி இப்போது கிடையாது, கிளாஸ்பாத்தைப் பயன்படுத்து. சொல்லிவிட்டு ஜாவா எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. 1998-இல் வந்த அந்த எக்ஸ்ட் ஃபோல்டரை 2017 செப்டம்பரில் ஜாவா 9 எடுத்தெறிந்தது. புதுக் கணினியில் இருந்ததோ ஜாவா 17. அட்டை எழுதிய நாளில் சரியாக இருந்த வழி, இடையில் அடைபட்டுவிட்டது.

ஜாவாவின் முதல் பதிப்பு வெளியானது 1996 ஜனவரியில். நம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டதும் அதே 1996-இல்தான். ஜாவாவுக்கு முதலில் வைத்த பெயர் ஓக். அதை உருவாக்கிய ஜேம்ஸ் கோஸ்லிங்கின் அலுவலகத்துக்கு வெளியே நின்ற மரத்தின் பெயர். நம் ஊருக்கும், பூண்டு வாசம் அடிக்கும் கூலிம் மரத்தின் பெயர்தான் வந்தது என்பார்கள். இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம், அதனால் சொன்னேன்.

எக்ஸ்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு, பின்னில் போட்ட டிஎல்எல்லை நேட்டிவ் என்ற தனி ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னேன். மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’. அதன் பக்கத்தில் ‘ஜிஎன்யு, ஐஓ, காம்போர்ட் ஐடென்டிஃபையர்’ என்று சாய்கோடு போட்டுப் பிரித்த ஒரு பெயர். கொஞ்சம் கீழே, ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரியில் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸப்ஷன்’. அதே பெயர், இப்போது புள்ளி வைத்துப் பிரித்து.

“ஃபைல் இருக்கே அண்ணே! என் கண்ணு முன்னாடி டெஸ்க்டாப்ல இருக்கு. ஏன் இல்லைங்குது?”

இந்த இடத்தில் நான் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். விடியுமுன் களத்தில் எல்லாரும் நிற்பார்கள். கிராணியார் செக்ரோல் என்ற பெயரேட்டை விரித்துவைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். என் அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குரல் கொடுப்பார். ஒரு பெயருக்குக் குரல் வராவிட்டால், அந்த ஆள் செத்துப்போய்விட்டார் என்று அர்த்தமில்லை. காய்ச்சலோடு லயத்திலேயே படுத்திருக்கலாம். ஆனால் கிராணியார் லயம் லயமாகப் போய்த் தேடமாட்டார். களத்தில் நிற்பவருக்குத்தான் பேர் விழும்.

ஜாவாவுக்குக் களம் என்பது கிளாஸ்பாத். புரோகிராமை கம்பைல் செய்கிற நாள், பெயரை ஏட்டில் பதிகிற நாள். ஓடவைக்கிற நேரம்தான் பெரட்டு. பதியும்போது இருந்த கிளாஸ், கூப்பிடும்போது களத்தில் இல்லையென்றால் ‘நோ கிளாஸ் டெஃப்’. டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஜார், லயத்தில் படுத்திருக்கும் ஆள்.

‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ மட்டும் தனியாக மேலே வந்தால் கதை சற்று வேறு. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெயரை எழுத்தாகக் கொடுத்து, இந்தக் கிளாஸைக் கொண்டுவா என்று கேட்டிருக்கிறது. டேட்டாபேஸ் டிரைவர்களை இப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயர் ஏதோ ஒரு செட்டிங் கோப்பில் இருக்கும். துண்டுச் சீட்டில் வந்த பெயர் மாதிரி. அங்கே முதலில் பார்க்க வேண்டியது எழுத்துப்பிழை, அதற்குப் பிறகுதான் ஜார்.

தம்பி கெட்டிக்காரன். உடனே கட்டளை வரியில் ‘ஹைஃபன் சிபி’ போட்டு ஜாரின் இடத்தைக் கொடுத்தான். அதே பிழை. ஏனென்றால் அதே வரியில் ‘ஹைஃபன் ஜார்’ என்பதும் இருந்தது. இது நல்ல நல்ல இன்ஜினியர்களையும் கவிழ்த்த குழி. ‘ஹைஃபன் ஜார்’ போட்டு ஓட்டினால் ஜாவா அந்த ஒரு ஜாரைத்தான் கிளாஸ்பாத் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் சிபி-யில் கொடுத்ததையும் பார்க்காது, கணினியில் அமைத்துவைத்த கிளாஸ்பாத் மாறியையும் பார்க்காது. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஒதுக்கிவிடும். வேறு ஜார்கள் வேண்டுமென்றால் அந்த முதன்மை ஜாரின் உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ‘ஹைஃபன் ஜார்’ என்பதை விட்டுவிட்டு, எல்லா ஜார்களையும் சிபி-யில் வரிசையாகக் கொடுத்து, தொடங்க வேண்டிய கிளாஸின் முழுப்பெயரைக் கடைசியில் எழுத வேண்டும். இரண்டாவது வழியைச் சொன்னேன். ஜார்களை லிப் என்ற ஒரே ஃபோல்டரில் போட்டு, அதன் பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரக்குறியும் இட்டால் போதும். உள்ளே உள்ள எல்லா ஜார்களும் களத்துக்கு வந்துவிடும். விண்டோஸில் பாதைகளைப் பிரிக்க அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. இந்த ஒரு குறி மாறியதால் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களை நான் அறிவேன்.

இப்போது செய்தி மாறியது. தம்பியின் குரல் சோர்ந்துவிட்டது, எனக்கோ தெம்பு வந்தது. பிழை மாறுகிறதென்றால் ஒரு கதவு திறந்திருக்கிறது. வந்தது ‘அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்’: ஆர்எக்ஸ்டிஎக்ஸ்சீரியல் என்பது லைப்ரரி பாத்தில் இல்லை. ஜார் கிடைத்துவிட்டது. அதற்குள்ளிருந்து ஜாவா இப்போது இரண்டாவது துண்டை, டிஎல்எல்லைக் கூப்பிடுகிறது. இதற்குக் களமே வேறு. கிளாஸ்பாத்தில் டிஎல்எல்லைப் போட்டுப் பயனில்லை. விண்டோஸில், எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்பது பெரும்பாலும் பாத் என்ற மாறியிலிருந்து வரும்; லினக்ஸில் எல்டி லைப்ரரி பாத். புதிய ஜாவாக்கள் எங்கெங்கே தேடினோம் என்ற பட்டியலையும் பிழையோடு சேர்த்தே காட்டிவிடுகின்றன. தம்பியை அதைப் படிக்கச் சொன்னேன். அவன் டிஎல்எல் வைத்த ஃபோல்டர் அதில் இல்லை என்பதை அவனே கண்டுபிடித்தான். கட்டளை வரியில் லைப்ரரி பாத்தைத் தனியாகக் கொடுத்ததும், அடுத்த செய்தி: ஐஏ 32-பிட் டிஎல்எல்லை ஏஎம்டி 64-பிட் தளத்தில் ஏற்ற முடியாது.

“அண்ணே, இது இன்டெல் சிப் போட்ட பிசி. ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு. ஏஎம்டிங்குதே, தப்பான பிசி குடுத்துட்டாங்களா?”

நியாயமான சந்தேகம். இன்டெல், ஏஎம்டி இரண்டுமே 1972-இல் பினாங்கில் ஆலை திறந்தவை. நம் பக்கத்துக் குடும்பங்களில் இரண்டிலும் வேலை பார்த்தவர்கள் உண்டு. விஷயம் இதுதான். இன்டெல் வகுத்த 32-பிட் அமைப்பை 64-பிட்டாக நீட்டியது ஏஎம்டி. 2003-இல் ஆப்டெரான் சிப்போடு அது சந்தைக்கு வந்தது. பிறகு இன்டெலும் அதையே எடுத்துக்கொண்டது. அதனால் சிப் யாருடையதானாலும் ஜாவா அந்த அமைப்பை ஏஎம்டி64 என்றே அழைக்கிறது. செய்தியின் பொருள் சாதாரணம்: உன் ஜாவா 64-பிட், உன் டிஎல்எல் 32-பிட், இரண்டும் ஒரே பிராசஸுக்குள் குடியிருக்க முடியாது. பழைய கணினியில் ஜாவாவும் 32-பிட்டாக இருந்ததால் இத்தனை வருடம் ஓடியது.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். டிஎல்எல்லை எடுத்து விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போடாதீர்கள். 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பதில் இருப்பவை 64-பிட் கோப்புகள். 32-பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பெயரைப் பார்த்துப் போனால் தலைகீழாக விழுவோம். ஜார்களையும் அப்படித்தான்: கிடைக்கவில்லை என்றதும் கண்ட ஃபோல்டரிலெல்லாம் நகல் போட்டுவைப்பது. ஒரே கிளாஸின் இரண்டு பதிப்புகள் களத்தில் நின்றால் ஜாவா முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும். அது பழசாக இருந்துவிட்டால் ‘நோ சச் மெத்தட்’ என்று வேறொரு பிழை, சில சமயம் பல மாதம் கழித்து வரும். எக்ஸ்ட் ஃபோல்டரை எடுத்ததே நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான். ஜாவாவில் கிளாஸைத் தேடுபவர் எப்போதும் தனக்கு மேலே இருப்பவரை முதலில் கேட்பார். மேலே இல்லை என்ற பிறகே தன் களத்தில் தேடுவார். எக்ஸ்ட் மேல்படியில் இருந்தது. அங்கே யாரோ எப்போதோ போட்ட பழைய ஜார், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த புது ஜாரை மறைத்துவிடும்.

எதை எங்கிருந்து எடுத்தது என்று சந்தேகம் வந்தால் ஜாவாவையே கேட்கலாம். ‘வெர்போஸ் கிளாஸ்’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால், ஏற்றிய ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று வரி வரியாகச் சொல்லும். நீளமாக இருக்கும், கோப்பில் பிடித்துவைத்துத் தேடுங்கள். ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்று வந்தால் அந்த இடத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கிளாஸ் இருக்கிறது, முதல் தடவை எழும்பும்போதே தடுக்கி விழுந்திருக்கிறது. லாக்கில் அதற்கு மேலே போய் அந்த முதல் விழுதலைத் தேட வேண்டும். எதையுமே தொடவில்லை, ஜாவா 8-லிருந்து 11-க்கு மாறியதும் எக்ஸ்எம்எல் பைண்ட் கிளாஸ்கள் காணோம் என்பவர்களுக்கு: 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 அவற்றைத் தன்னிடமிருந்து நீக்கிவிட்டது. தனி ஜாராக நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

தம்பிக்கு 64-பிட் டிஎல்எல் கிடைத்து, அதை அவன் சரியான ஃபோல்டரில் வைத்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. டிரம்மைத் தராசில் ஏற்றினான். திரையில் எடை வந்ததை அவன் சொன்ன விதத்திலேயே என் தூக்கம் கலைந்துவிட்டது. ஆர்எக்ஸ்டிஎக்ஸ் வயதான நூலகம். நிதானமாக நேரம் கிடைக்கும்போது ஜேசீரியல்காம் என்ற நூலகத்துக்கு மாறச் சொல்லியிருக்கிறேன். அது தனக்கு வேண்டிய இயந்திரக் கோப்புகளைத் தன் ஜாருக்குள்ளேயே சுமந்து வந்து, ஓடும்போது தற்காலிக ஃபோல்டரில் எடுத்துப் போட்டுக்கொள்ளும். லைப்ரரி பாத் தொல்லை பாதி குறையும்.

காலையில் பஸ் ஏறுமுன் அவன் புது அட்டை ஒன்று எழுதி எனக்குப் படம் அனுப்பினான். அடுத்த ஷிப்ட்டில் மலாய்க்காரப் பையன் வருவான் என்று மலாயில் எழுதியிருந்தான். ஜாவா 17, 64-பிட். ஜார்கள் லிப் ஃபோல்டரில். டிஎல்எல் நேட்டிவ் ஃபோல்டரில். கீழே, ஓடவைக்கும் கட்டளை முழுசாக, ஒரு புள்ளி விடாமல். இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னேன்: அந்த ராத்திரி வந்த நான்கு பிழைகளின் முதல் வரிகளையும் வந்த வரிசையிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன செய்தான் என்பதையும், மேல் மூலையில் தேதியையும்.