காலேஜில் படித்த தாத்தாவுக்குப் பட்டம் இல்லையே, ஏன்?

காலை நேரம். புதுச்சேரி பெரிய மார்க்கெட். மணிக்கூண்டைச் சுற்றி ஒரே கூட்டம்! ஒரு பக்கம் பூக்கடை. ஒரு பக்கம் மீன் கடை.

இங்கே காய்கறி விற்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் மகள் பிளஸ்-2 தேறிவிட்டாள். மேலே படிக்க ஆசை. வீட்டில் மூன்று விளம்பரத் தாள்கள். ஒன்றில் "கல்லூரி" என்று இருக்கிறது. இன்னொன்றில் "பல்கலைக்கழகம்". மூன்றாவதில் "இன்ஸ்டிட்யூட்".

எதில் சேர்ப்பது? தாய்க்குப் புரியவில்லை. கட்டப்போவதோ சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். தவறான இடத்தில் கட்டிவிட்டால், பணமும் போகும். பெண்ணின் வயதும் போகும்!

"எங்கள் தாத்தாகூட காலேஜில் படித்தவர்தான். ஆனால் அவருக்குப் பட்டம் இல்லையே!" என்கிறாள் மகள்.

அது எப்படி?

பள்ளிக்கூடமே காலேஜ்!

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு மொழியில் "காலேஜ்" என்றால் கல்லூரி அல்ல, பள்ளிக்கூடம்! பிரான்சில் 11 வயதுப் பிள்ளைகள் காலேஜில் சேருகிறார்கள். 15 வயதில் முடிக்கிறார்கள். அதற்கு மேல் 3 ஆண்டுகள் "லிசே". அதன் பிறகுதான் பல்கலைக்கழகம்.

புதுச்சேரியில் 1826-ம் ஆண்டு தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியும் முதலில் "காலேஜ்" என்றே பெயர் பெற்றது. மிஷன் வீதியில் இருந்த கல்வே கல்லூரி, பாரதிதாசன் பயின்ற இடம். அதுவும் பின்னர் அரசு மேல்நிலைப்பள்ளி ஆயிற்று.

புதுச்சேரியில் மட்டும் அல்ல. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, ஒரு பள்ளிக்கூடம். இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஈட்டன் காலேஜும் பள்ளிக்கூடம்தான்!

தாத்தா பொய் சொல்லவில்லை. பெயர்தான் வேறு!

ஒரே இடம், மூன்று பெயர்

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள்.

1823-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். 1956-ல் அதன் வழிவந்தது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. 1964-ல் அது "ஜவகர்லால் இன்ஸ்டிட்யூட்" ஆயிற்று. ஆம்! கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர்தான் அது.

பள்ளி, கல்லூரி, இன்ஸ்டிட்யூட் என்று பெயர் மாறியது. ஆனால் பட்டம் கொடுத்தது யார்?

முதலில் புதுச்சேரியில் பல்கலைக்கழகம் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகம்தான் பட்டம் கொடுத்தது. 1985-ல் புதுச்சேரிக்கே பல்கலைக்கழகம் வந்தது. ஜிப்மர் அதோடு இணைந்தது. 2008-ல் பாராளுமன்றம் ஜிப்மருக்கென்று தனிச் சட்டம் செய்தது. அதன் பிறகு ஜிப்மரே பட்டம் கொடுக்கிறது.

இதுதான் ரகசியம்! பாடம் நடத்துவது வேறு. பட்டம் கொடுப்பது வேறு.

சாதாரணக் கல்லூரி பாடம் நடத்தும். அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும். அந்தக் காலத்தில் "சர்வகலாசாலை" என்று சொன்னார்களே, அதுதான் பல்கலைக்கழகம்.

இன்ஸ்டிட்யூட் என்றால்?

இந்தப் பெயரில்தான் மிகுந்த குழப்பம்.

சென்னை கிண்டியில் உள்ள ஐ.ஐ.டி. ஓர் இன்ஸ்டிட்யூட். பாராளுமன்றச் சட்டப்படி அதுவே பட்டம் கொடுக்கிறது. ஐ.டி.ஐ.யும் இன்ஸ்டிட்யூட்தான். அங்கே ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற தொழில்களைக் கற்றுச் சான்றிதழ் பெறலாம்; பட்டம் அல்ல. 1955-ல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே பழைய ஓலைச்சுவடிகளைக் காத்து வருகிறார்கள்.

தெருமுனையில் டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்த இடத்துக்கும் இன்ஸ்டிட்யூட் என்றே பெயர்! பெயரை மட்டும் பார்த்துத் தரத்தை அறிய முடியுமா?

முத்திரை உண்டா?

மார்க்கெட்டில் கடைக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். ஆனால் எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குற்றம்!

படிப்பிலும் அப்படித்தான். 1956-ம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் இதைச் சொல்கிறது. நினைத்தவரெல்லாம் "யூனிவர்சிட்டி" என்று போர்டு மாட்ட முடியாது. பாராளுமன்றமோ, மாநிலச் சட்டசபையோ சட்டம் செய்து தொடங்கிய பல்கலைக்கழகத்துக்குத்தான் அந்தப் பெயர்.

பட்டம் கொடுக்கும் உரிமை மூவருக்கே உண்டு. ஒன்று, அப்படிப்பட்ட பல்கலைக்கழகம். இரண்டு, "நிகர்நிலை" என்று மத்திய அரசு அறிவித்த நிறுவனம். மூன்று, பாராளுமன்றம் தனியே உரிமை கொடுத்த நிறுவனம். நிகர்நிலை நிறுவனங்கள் தங்கள் பெயரில் "யூனிவர்சிட்டி" என்று போடக்கூடாது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

ஆனாலும் போலிகள் உண்டு. அவற்றின் பட்டியலை மானியக் குழு வெளியிடுகிறது. 1956-ம் ஆண்டுச் சட்டத்தில், மீறியவர்களுக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1,000 ரூபாய்! ஏமாந்தவருக்கோ நஷ்டம் அதைவிடப் பல மடங்கு.

மூன்று கேள்விகள்

பணம் கட்டும் முன் அந்தத் தாய் கேட்க வேண்டியவை இவை:

படிப்பு முடிந்தால் கிடைப்பது பட்டமா, டிப்ளமாவா, வெறும் சான்றிதழா?

பட்டம் என்றால், அதைக் கொடுப்பது யார்?

கொடுப்பவரின் பெயர் மானியக் குழுவின் பட்டியலில் உண்டா?

மூன்றுக்கும் விடை எழுத்தில் கிடைத்தால், தைரியமாகப் பணம் கட்டலாம். பதில் சொல்லத் தயங்கினால், பணத்தை முந்தானையிலேயே முடிந்துகொள்ளலாம்.

தராசுக் கல்லைப் புரட்டி முத்திரை பார்க்கத் தெரிந்தவள் அவள். கல்லூரி வாசலிலும் அதைப் பார்க்கட்டும்!